வியன்னாவுக்குப் புரட்டாசி

மண்டல முட்டை மேம்பாட்டு வாரியத்தில் வேலை பார்ப்பவர்கள் நினைத்த மாதத்தில் வெளிநாடு போய்விட முடியாது. எந்த ஊருக்கு எந்த மாதம் நல்லதோ அந்த மாதத்தில்தான் போக வேண்டும். எது நல்ல மாதம் என்பதை வாரியம் முடிவு செய்யும். இந்த விதி எப்படி வந்தது என்று கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த கணக்கர் ஒருவர் மழைக்காலத்தில் சிங்கப்பூர் போய்விட்டுச் சளிக்காய்ச்சலோடு திரும்பி வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டாராம். ஒரு மனிதருக்கு மூக்கு ஒழுகியதற்காக நானூறு பேருக்கு விதி போட்டார்கள். அதன் பிறகு வாரியத்திலிருந்து யாரும் வெளிநாடு போகவில்லை. விதி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அலமாரியில் இருந்தது.

வேலுசாமிக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்தது முட்டை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து மாதிரிக்கு வரும் முட்டைகளை இருட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் விட்டது, ரத்தப் புள்ளி விழுந்தது, நல்லது என்று பிரித்துவைப்பது அவர் வேலை. முப்பத்தோரு வருஷம் அதைச் செய்துவிட்டார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்த முப்பத்தோரு வருஷத்தில் மேலதிகாரியிடம் போய் நின்று எனக்கு இது வேண்டும் என்று அவர் கேட்டது கிடையாது. மனைவி மாரியாயி இறந்தபோது எடுத்த பதினாறு நாள்தான் அவர் தொடர்ச்சியாக எடுத்த பெரிய விடுப்பு.

அவருடைய ஒரே மகள் யுவஸ்ரீ வியன்னாவில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தாள். மருமகன் மணிமாறன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். யுவஸ்ரீ உண்டாகியிருந்தாள். பிப்ரவரி இருபது வாக்கில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். மணிமாறன் போன கப்பல் ஏப்ரலில்தான் கரைக்கு வரும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிடலாம் என்றால், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாய் இருந்தால் கிளம்பிப் போயிருப்பாள். தாய் இறந்து மூன்று வருஷமாகிவிட்டது. மாமியாரோ இடுப்பெலும்பு உடைந்து சங்ககிரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மிச்சம் இருந்தது வேலுசாமி ஒருவர்தான்.

"அப்பா, நீங்க வந்து என்னப்பா பண்ணுவீங்க?" என்று யுவஸ்ரீ போனில் கேட்டாள்.

"உங்கம்மா இருந்தா என்ன பண்ணுவாளோ அதப் பண்ணுவேன் கண்ணு. பூண்டுக் கொழம்பு வெக்கப் பழகிட்டேன். கருவாடு அங்க கெடைக்காதுன்னா இங்கிருந்தே கட்டிக் கொண்டாறேன். புள்ளைக்குத் தண்ணி வாக்கறதுதான் இன்னும் கை கூடி வரல. பக்கத்தூட்டு அமுதவல்லிகிட்ட ஒரு பொம்மைய வெச்சுப் பழகிட்டு இருக்கறேன்."

ஐம்பத்தொன்பது வயது மனிதர் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு ரப்பர் பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றுவதை நினைத்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

"வந்துருவீங்கல்லப்பா? எனக்குப் பயமா இருக்குது."

"வாராம எங்க சாமி போறேன்? வலி எடுக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடியே அங்க வந்து உக்காந்துக்குவேன்."

இதைச் சொன்னது ஐப்பசி பிறந்து நாலாம் நாள். மறுநாளே, பிப்ரவரி ஐந்து முதல் மூன்று மாத விடுப்பும், விசா வாங்குவதற்கு வாரியத்தின் தடையில்லாச் சான்றும் கேட்டு வேலுசாமி விண்ணப்பம் கொடுத்தார். விண்ணப்பத்தில் பதினாலாவதாக ஒரு கேள்வி இருந்தது. 'செல்லவிருக்கும் ஊருக்கு மேற்படி காலம் உகந்ததா? விளக்குக.' வேலுசாமி யோசிக்காமல், 'மகளுக்குப் பிரசவம்' என்று எழுதினார்.

கண்காணிப்பாளர் கந்தம்மாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல பெண்மணிதான். வேலுசாமியை உட்காரச் சொன்னார்.

"ஏனுங்க வேலுசாமி, நீங்க எழுதியிருக்கறது எதுக்குப் போறீங்கன்னு. இவங்க கேட்டிருக்கறது சீசன்."

"புள்ளை பொறக்கற சீசன் அதானுங்க அம்மா."

"புள்ளைக்குச் சரி. வியன்னாவுக்கு?"

வியன்னாவுக்கு எது சீசன் என்று வேலுசாமிக்கும் தெரியவில்லை, கந்தம்மாளுக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்தை ஒரு ஆள் முடிவு செய்தால் தப்பாகிவிடும், மூன்று பேர் முடிவு செய்தால் சரியாகிவிடும் என்பது வாரியத்தின் நம்பிக்கை. உகந்த கால நிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. நிர்வாக இயக்குநர் மருதாசலம் தலைவர். கந்தம்மாள் ஒரு உறுப்பினர். தொழில்நுட்ப அலுவலர் அறிவழகன் இன்னொரு உறுப்பினர். கம்ப்யூட்டரில் தேடத் தெரிந்தவர் என்பதற்காக அவரைச் சேர்த்தார்கள்.

முதல் கூட்டத்தை மருதாசலம் ஒரு உரையோடு தொடங்கிவைத்தார். கேட்பதற்கு இருந்தவர்கள் இரண்டு உறுப்பினர்களும், கதவோரம் நின்ற வேலுசாமியும்தான். இருந்தாலும் மைக்கில்தான் பேசினார்.

"நான் வியன்னா போனதில்லீங்க. கந்தம்மாள் போனதில்ல. அறிவழகனும் போனதில்ல. அதனாலதான் இந்தப் பொறுப்பு எங்ககிட்ட வந்திருக்குது. போயிட்டு வந்தவனா இருந்தா அவனுக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்கும். ஒருதலைப்பட்சமாப் பேசுவான். எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. அதனால எந்தப் பக்கமும் சாய மாட்டோம். வேலுசாமி தைரியமா இருக்கலாம்."

வேலுசாமி கும்பிட்டார். அறிவழகன் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"சார், பிப்ரவரில அங்க ஒண்ணு ரெண்டு டிகிரிதான் இருக்குமாம். பனி விழுமாம்."

மருதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிகிரி என்பது அவருக்குப் பழக்கமான விஷயம்.

"நம்ம முட்டைய எத்தன டிகிரில வெக்கறோம்?"

"நாலுங்க சார்."

"நாலுல முட்டை கெடாம இருக்குது. ரெண்டுல வேலுசாமி கெடாம இருப்பாரா? அதத் தெரிஞ்சுக்காம எப்பிடிக் கையெழுத்துப் போடறது?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆள் வாரியத்தில் ஒருவர்தான் என்று முடிவாயிற்று. குளிர்பதன அறைப் பொறுப்பாளர் ஷஃபியுல்லா. வேலுசாமியோடு இருபது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர். குழு கேட்டெழுதிய கடிதம் கையில் கிடைத்ததும் அவர் நேராக இயக்குநரிடம் வந்துவிட்டார்.

"சார், மனுசன் முட்டை இல்லீங்களே."

"அதத்தான் எழுத்துல கேக்கறோம், பாய்."

எழுத்தில் கொடுப்பதற்குப் பரிசோதனை வேண்டும். ஏழு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம், வேலுசாமி குளிர்பதன அறையில் இருக்க வேண்டும். அறையை இரண்டு டிகிரிக்கு இறக்க வேண்டும். இரண்டு டிகிரி முட்டைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கந்தம்மாள் சந்தேகம் எழுப்பினார். நியாயமான சந்தேகம் என்று தலைவர் பாராட்டினார். முட்டைகளின் நலன் கருதி அத்தனை தட்டுகளும் பக்கத்து அறைக்கு மாற்றப்பட்டன. காலியான அறையில் வேலுசாமி வைக்கப்பட்டார்.

வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். வேலுசாமி போடவில்லை. இதில் தேறிவிட்டால் சான்று கிடைத்துவிடும் என்று அவர் மனதார நம்பினார். மகளுக்காகக் குளிரில் நிற்பதில் அவருக்கு ஒருவிதச் சந்தோஷம்கூட இருந்தது. சேலத்திலிருந்து வாங்கிவந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, உள்ளே போய் நடந்தார். நாமக்கல் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு. மூன்றாம் நாள் விரல்கள் மடங்கவில்லை. நாலாம் நாள் உதடு வெடித்து ரத்தம் வந்தது. வெளியே வந்ததும் ஷஃபியுல்லா டீயை ஊதிக் கொடுப்பார்.

"விட்டுருங்கண்ணே. இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். எனக்குப் பாக்க முடியல."

"இன்னும் மூணு நாள்தான் பாய். தாங்கிட்டம்னா அவங்க ஒண்ணும் சொல்ல முடியாதில்ல?"

ஏழு நாளும் தாங்கினார். தாங்கினார் என்று ஷஃபியுல்லா எழுதிக் கொடுத்தார். எழுத்தில் கொடுத்ததோடு, தயவுசெய்து இவரை அனுப்பிவையுங்கள் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த வரி அறிக்கைக்குத் தொடர்பில்லாதது என்று அடிக்கப்பட்டது. மேலே இருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டுக் குழு இப்படிக் குறித்தது: 'விண்ணப்பதாரர் குளிரைத் தாங்கினார் என்பது ஏற்கப்படுகிறது. ஆனால் ஒருவர் தாங்கிவிட்டார் என்பதாலேயே அக்காலம் உகந்ததாகிவிடாது.'

இரண்டாவது கூட்டம் கார்த்திகையில் நடந்தது. அங்கே என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் வாரியத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புரட்டாசி மாதம் நம் பக்கத்து ஜனங்கள் கவுச்சி தொடமாட்டார்கள். முட்டை தேங்கிப்போகும். விலை இறங்கிப்போகும். பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்காருவார்கள். வாரியத்துக்கு மட்டும் அது வசந்த காலம். மாதிரி வராது, கோப்பு வராது, ஆளும் வரமாட்டார்கள். வாரியத்தில் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதும், வீட்டுக்கு வெள்ளை அடிப்பதும், திருப்பதி போவதும், கண் ஆபரேஷன் செய்துகொள்வதும் புரட்டாசியில்தான். முட்டை நகராத மாதம்தான் மனிதன் நகர வேண்டிய மாதம் என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். முட்டையோடேயே வாழ்ந்துவிட்ட அந்த மனிதர்களுக்கு, உலகம் முழுக்கவே புரட்டாசியில் ஓய்ந்து கிடக்கும் என்ற எண்ணம் எப்படியோ படிந்துபோயிருந்தது.

ஆகவே, "என்னோட அனுபவத்துல, எந்த ஊருக்குப் போறதா இருந்தாலும் புரட்டாசிதானுங்க உகந்தது" என்று மருதாசலம் சொன்னபோது கந்தம்மாள் தலையாட்டினார். அறிவழகன் சும்மா இருந்திருக்கலாம். கம்ப்யூட்டரில் தேடினார்.

"சார்! வியன்னாவுக்குப் போறதுக்கு நல்ல மாசம் செப்டம்பர், அக்டோபர்னு போட்டிருக்கறான் சார். வெயிலும் அதிகமில்ல, குளிரும் அதிகமில்ல, கூட்டமும் கொறையுமாம்."

மருதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா கந்தம்மாள்? வெள்ளைக்காரனுக்கும் புரட்டாசி தெரிஞ்சிருக்குது. நாம இங்க உக்காந்து சொன்னத அவன் அங்க உக்காந்து சொல்றான். இந்த வாரியத்துல எனக்கு இருபத்தேழு வருஷ சர்வீசு. இப்படியொரு நாள் வந்ததில்லீங்க."

ஏப்ரல், மே மாதங்களும் நல்லவைதான் என்று அதே பக்கத்தில் கீழே போட்டிருந்தது. அறிவழகன் அதைப் படிக்கத் தொடங்குவதற்குள் தீர்மானம் எழுதியாகிவிட்டது. கதவோரம் நின்ற வேலுசாமி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, புரட்டாசி இப்பத்தானுங்களே முடிஞ்சுது."

"அடுத்த புரட்டாசி வராமயா போயிரும்?"

"பிரசவம் மாசியிலீங்க ஐயா. புரட்டாசிக்குப் புள்ளைக்கு ஏழு மாசமாயிருமுங்க."

"நல்லதுதானே வேலுசாமி. தலை நின்னிருக்கும், தூக்கிக் கொஞ்சலாம். பச்சப் புள்ளையப் பாக்கறதுல என்ன இருக்குது? கண்ணே தொறக்காது."

"கொஞ்சறதுக்கு இல்லீங்க. என்ற புள்ளை ஒத்தையில கெடக்குதுங்க. பக்கத்துல ஆள் வேணுமுங்க."

மருதாசலம் இதற்குக் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"பிரசவம் எப்ப வேணாலும் நடக்கும் வேலுசாமி. அது நம்ம கையில இல்ல. சீசன் அப்பிடியில்ல. வருஷாவருஷம் அந்தந்த மாசத்துல கரெக்டா வரும். எத நம்பி நாங்க சான்று குடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

கூட்டம் முடிந்து கந்தம்மாள் வெளியே வந்ததும் வேலுசாமி அவர் பின்னாலேயே போனார். மாடிப்படியில் நின்று கந்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு பேருக்கும் நான்தான் பக்கத்துல இருந்து பாத்தேன். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லீங்க. பொய் சொல்லக் கூடாது, ஒரு நாள் தூக்கங்கூட வரல. ஆனா அத அந்தக் கோப்புல எங்க வெக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல."

அவர் கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தீர்மானத்தில் இரண்டாவது கையெழுத்தைப் போட்டார்.

மார்கழி முழுக்க வேலுசாமி அலைந்தார். மேல்முறையீடு கொடுத்தார். மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டியதும் அதே குழுதான் என்று விதி இருந்தது. தன் தீர்மானத்தைத் தானே நடுநிலையோடு ஆராய்ந்து அது சரி என்று கண்டது குழு. ஜனவரி ஒன்பதாம் தேதி சென்னையில் விசாவுக்கு நாள் கிடைத்திருந்தது. வந்தது வரட்டும் என்று இரண்டு பஸ் மாறிப் போய் நின்றார். வேலை பார்க்கும் இடத்தின் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

"அப்பா, டிக்கெட் போட்டுட்டீங்களா?" என்று யுவஸ்ரீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள்.

"ஆச்சு கண்ணு, ஆச்சு. கையெழுத்து ஒண்ணு பாக்கி. வந்துட்டே இருக்கறேன்னு வெச்சுக்க."

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய் ஒன்றுதான் அவர் செய்த தப்பு. அதை நான் மறைக்கப்போவதில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கிடக்கும் மகளிடம், உனக்குப் பிரசவம் பார்க்கும் மாதம் வியன்னாவுக்கு நல்லதில்லையாம் என்று எந்த அப்பன் சொல்லுவான்?

கடைசியில், வேலையே வேண்டாம் என்று விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். கந்தம்மாள் அதைப் படித்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பேர்ல ஒரு கோப்பு நிலுவையில இருக்குதுங்களே. அது முடியாம ஓய்வு குடுக்க முடியாதுங்க."

"என்ன கோப்புங்க அம்மா?"

"வியன்னாக் கோப்புத்தான்."

"அது தீர்மானம் ஆயிருச்சுங்களே."

"தீர்மானந்தான் ஆயிருக்குது. நீங்க இன்னும் போகல. போயிட்டு வந்து, சீசன் நல்லா இருந்துதுன்னு அறிக்கை குடுத்தாத்தான் கோப்பு முடியும்."

அப்படியானால் அந்த விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார் வேலுசாமி. திரும்ப வாங்கிக்கொள்ள அனுமதிக்கலாமா என்று குழு கூடிப் பார்க்க வேண்டும். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்குக் கூட்டம் என்று ஓலை வந்தது.

கூட்ட அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு முட்டைத் தட்டு வைத்திருந்தார்கள். வேலுசாமி அதில் தன் போனை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மருதாசலம் அன்றைக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தார்.

"மூணு கூட்டம் போட்டிருக்கறோம் வேலுசாமி. ஏழு நாள் குளிர் ரூம ஒதுக்கியிருக்கறோம். உங்களுக்காக எத்தன ஆயிரம் முட்டைய எடம் மாத்தியிருக்கறோம். பெத்த புள்ளைக்குக்கூட நான் இவ்வளவு யோசிச்சு ஒரு மாசம் பாத்துக் குடுத்ததில்ல. நீங்க என்னடான்னா வேண்டாங்கறீங்க. இப்ப நீங்க போகலன்னு வெச்சுக்குங்க. புரட்டாசி வரும், வெயிலும் இல்லாம குளிரும் இல்லாம அந்த ஊர் பாட்டுக்கு இருக்கும், நம்ம ஆள் ஒருத்தரும் அங்க இருக்க மாட்டாங்க. குழு எடுத்த முடிவு வீணாப் போயிரும். உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றோம்."

இரண்டு மணி நேரம் பேசினார்கள். நடுவே டீ வந்தது. வேலுசாமியிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். புரட்டாசி வேண்டாம் என்பதற்குத் தகுந்த காரணம் ஏதாவது உண்டா? மகளுக்குப் பிரசவம் என்று அவர் மறுபடியும் சொன்னார். அது ஏற்கெனவே சொன்ன காரணம், புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அனுமதி இல்லை என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்து தட்டிலிருந்து போனை எடுத்தால் பதினேழு அழைப்புகள். பதினேழும் யுவஸ்ரீ. முதல் அழைப்பு பத்து ஐம்பதுக்கு. கடைசி அழைப்பு பதினொன்று நாற்பதுக்கு. வேலுசாமி திரும்பத் திரும்ப அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள். என்ன பாஷை என்றே அவருக்குப் புரியவில்லை.

"யுவஸ்ரீ அப்பாங்க. யுவஸ்ரீ அப்பா. என்ற புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்று வராந்தாவில் நின்று கத்தினார். அந்தப் பெண் பேபி, பேபி என்று ஏதோ சொன்னாள். ஷஃபியுல்லா சத்தம் கேட்டு ஓடி வந்து போனை வாங்கினார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசிவிட்டு, வேலுசாமியின் தோளைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தார்.

"பையன் பொறந்திருக்கான்ணே. பையன் நல்லா இருக்கான். யுவஸ்ரீக்கு ரத்தம் நிறையப் போயிருச்சாம். ஆபரேஷன் நடக்குதாம். அல்லா காப்பாத்துவான், அழுவாதீங்க."

காப்பாற்றிவிட்டார்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்து யுவஸ்ரீ பிழைத்து வந்தாள். அந்த ஒன்பது நாளும் பிள்ளை ஒரு கட்டிடத்தில், தாய் ஒரு கட்டிடத்தில். இருபத்திரண்டாம் தேதி வேலுசாமி கடைசி முறையாக மருதாசலத்தின் அறைக்குப் போனார். இப்போதாவது அனுப்புங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மருதாசலம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

"தாயும் புள்ளையும் சுகம்னு கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோசம். பாத்தீங்களா, அவசரமும் முடிஞ்சுருச்சு. இனி நிம்மதியாப் புரட்டாசியில போகலாம்."

புரட்டாசி முதல் தேதி வேலுசாமியை வழியனுப்பக் கூட்டம் போட்டார்கள். சந்தன மாலை போட்டார்கள். வாரிய வரலாற்றில் உகந்த காலத்தில் வெளிநாடு செல்லும் முதல் பணியாளர் என்று பேனர் கட்டினார்கள். முப்பது நாள் அனுமதி. திரும்பி வந்ததும் தட்பவெப்பம் பற்றிப் பத்துப் பக்க அறிக்கை, படங்களோடு. மருதாசலம் படத்துக்கு நின்றபோது வேலுசாமியின் தோளில் கைபோட்டுக்கொண்டார். ஷஃபியுல்லா மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. முட்டைகளுக்குக் காவல் என்று சொல்லிவிட்டார்.

வியன்னாவில் குழு சொன்னது சொன்னபடி இருந்தது. அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மரங்களில் இலைகள் மஞ்சளாகி, காற்றடித்தால் மெதுவாக உதிர்ந்தன. மணிமாறன் ஏப்ரலில் வந்து பார்த்துவிட்டு ஆகஸ்டில் மறுபடி கப்பல் ஏறியிருந்தான். யுவஸ்ரீ இளைத்துக் கறுத்து, பார்ப்பதற்குத் தன் வயதைவிடப் பத்து வயது கூடியவளாக இருந்தாள். பூண்டுக் குழம்பை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அதற்கு மேல் அதிகம் பேசவில்லை.

பேரன் வேலுசாமியைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான். ஏழு மாதம் என்பது குழந்தைகள் ஆள் பார்த்து அழத் தொடங்கும் வயது. பிறந்த அன்றே கையில் வாங்கியிருந்தால் அழுதிருக்கமாட்டான். அப்பன் கப்பல் ஏறிய பிறகு அவனுக்குப் பழகிய முகம் அம்மா முகமும், மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் முகமும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு மாதம் அவள்தான் தினமும் இறங்கி வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனாளாம். யாரும் கூப்பிட்டு வந்தவளில்லை. அழுகைச் சத்தம் கேட்டு வந்தவள்.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மூன்று பேரும் பக்கத்துப் பூங்காவுக்குப் போனார்கள். பேரன் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் வேலுசாமி, அறிக்கைக்கு வேண்டுமே என்று போனை எடுத்து மரங்களை நாலு படம் பிடித்தார். யுவஸ்ரீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு மாதமாகப் போனில் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டாள்.

"அன்னிக்கு ஏம்ப்பா போன் எடுக்கல?"

வேலுசாமி சொன்னார். விதியை, குழுவை, குளிர் அறையை, புரட்டாசியை, தட்டில் வைத்த போனை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். தான் சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது யாரோ இட்டுக்கட்டிய கதை மாதிரி இருந்தது. நம்புவாளா என்று பயமாக இருந்தது. அவள் வண்டியைக் காலால் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, கூட யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்கப்பா. அப்பா வாராருன்னு சொன்னேன். எங்க இருக்காருன்னாங்க. வந்துட்டே இருக்காருன்னு சொன்னேன். நீங்க அப்படித்தான சொல்லியிருந்தீங்க. மயக்க மருந்து ஏறற வரைக்கும் ஒரு நர்சம்மா என்ற கையப் புடிச்சுக்கிட்டுக் கதவையே பாத்துட்டு இருந்தா."

வேலுசாமிக்கு யாரையாவது கழுத்தைப் பிடித்து அடிக்க வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி இருந்தது. எழுந்து நின்றார். வெயில் இதமாக அடித்தது. சுற்றிலும், சரியான மாதம் பார்த்து வந்த ஜனங்கள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.